அக்கா, நீ காது வைத்தது எந்தப் பக்கம்?

அன்பும் மரியாதையும் குறையாத அக்காவுக்கு,

உன் தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவியும் உன் மருமகளும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் அத்தானும் அப்படியே இருப்பீர்கள் என்று எடுத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ என்னமோ ஆகிவிட்டது என்று பதறி அத்தானைக் கூப்பிட்டிருப்பாய். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் ஒன்று ஆகியிருக்கிறது, அதுவும் இப்போது ஆனதில்லை, ஐம்பத்தெட்டு வருஷத்துக்கு முன்பே ஆகிவிட்டது, போன செவ்வாய்க்கிழமைதான் தெரியவந்தது. நின்றுகொண்டே படிக்காதே, உட்கார்ந்துகொள்.

நமக்குள் ஒன்பது வருஷமாகப் பேச்சு இல்லை. அதைப் பின்னால் சொல்கிறேன். இப்போது எனக்கு உன்னிடமிருந்து ஒரே ஒரு தகவல் வேண்டும், அதைச் சொல்லக்கூடியவர்களில் நீ ஒருத்திதான் மிச்சம். நான் பிறந்த அன்று உனக்கு எட்டு வயது. அம்மா பக்கத்தில் துணியில் சுற்றிப் படுக்க வைத்திருந்த என் நெஞ்சில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, "உள்ள யாரோ ஓடுறாங்கம்மா" என்று சொன்னாயாம். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் விடிந்தும் விடியாததுமாகப் போன் போட்டு இதையே சொல்வாய். "இன்னிக்கும் ஓடுதாடா?" என்று கேட்பாய். "ஓடுது, ஓடுது, வேலைக்கு நேரமாச்சு" என்று நான் வைத்துவிடுவேன். அக்கா, நன்றாக யோசித்துச் சொல். அன்றைக்கு நீ காதை வைத்தது என் நெஞ்சின் இடது பக்கமா, வலது பக்கமா?

ஏன் கேட்கிறேன் என்றால், செவ்வாய்க்கிழமை எனக்கு ஐம்பத்தெட்டு முடிந்தது. பிறந்தநாளை நான் ஒரு பொருட்டாக நினைக்கிறவன் இல்லை என்பது உனக்குத் தெரியும், காலண்டரில் அது ஒரு செவ்வாய், அவ்வளவுதான். ஆனால் உன் மருமகள் இப்போது ஒரு கம்பெனியில் வேலை செய்கிறவர்களுக்கு மனசை எப்படி வைத்துக்கொள்வது என்று வகுப்பு எடுக்கிறாள். அங்கே அத்தனை பேருக்கும் எடுத்தது போக மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறாள். காலையில் காப்பியோடு ஒரு நோட்டுப் புத்தகத்தை நீட்டினாள். முதல் பக்கத்தில் அவள் கையெழுத்தில் மூன்று கேள்வி. போன வருஷம் உங்களை வாய்பிளக்க வைத்தது எது, யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது, இந்த வருஷம் எதைப் புதிதாக ஆரம்பிக்கப்போகிறீர்கள்.

"பிறந்தநாள்னா வயசு ஏறுற நாள் இல்லப்பா. நம்மளை நாமே ஒரு தடவை உள்ள எட்டிப் பாத்துக்கிற நாள்" என்றாள்.

"ஊரையே உள்ள பாக்குறவன்கிட்ட வந்து இதைச் சொல்றியா நீ?" என்றேன்.

"ஊரைப் பாத்தீங்க. உங்களை என்னிக்காவது பாத்தீங்களா?"

பெற்ற பெண்ணிடம் தோற்றுப்போக முடியுமா, பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் கேள்விக்கு, 'பிலிம் கழுவும் புது இயந்திரம் ஒரு நாள்கூடப் பழுதாகவில்லை' என்று எழுதினேன். இரண்டாவதற்கு, 'யாரும் இல்லை' என்று எழுதினேன். என் மனைவி தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு, "அதென்ன, யாரும் இல்லையா?" என்று மட்டும் கேட்டாள். நோட்டை மூடிவிட்டு, வேலைக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டேன்.

போகிற வழியெல்லாம் அந்தப் பெண் கேட்டது காதுக்குள் நின்றுகொண்டே இருந்தது. முப்பத்தோரு வருஷமாக நான் எக்ஸ்ரே எடுக்கிறேன். "மூச்சை இழுங்க, பிடிங்க, ஆடாதீங்க, விடலாம்" என்று சொல்லிச் சொல்லி, உன் மருமகள் குழந்தையில் முதன்முதலாகப் பேசிய வார்த்தையே 'ஆடாதே' என்பதுதான். இந்த ஊரில் பாதிப் பேரின் விலா எலும்பை நான் பார்த்திருக்கிறேன். கடைத்தெருவில் எதிரே வருகிறவர்களின் முகம் எனக்கு ஞாபகம் வராது, கழுத்தெலும்பைச் சொன்னால் ஆளைச் சொல்லிவிடுவேன். ஆனால் என்னை நான் ஒரு தடவைகூடப் படம் எடுத்துக்கொண்டதில்லை. வேலையில் சேர்ந்தபோது ஒரு வயதான டாக்டர் என் நாக்கைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார், அதோடு சரி. பணியாளர் எல்லோரும் நெஞ்சுப் படம் எடுக்க வேண்டும் என்று கொடுத்த சீட்டு இரண்டு மாதமாக என் மேசை இழுப்பறையில் கிடந்தது. பிறந்தநாளும் அதுவுமாக அதைச் செய்துவிட்டால் மகளுக்கும் பதில் சொன்னது போல ஆகும் என்று தோன்றிற்று.

என்னோடு வேலை பார்க்கிறவன் ஒருவன் இருக்கிறான். பேசவே மாட்டான், அதனால் எல்லோரும் அவனை 'அமைதி' என்று கூப்பிடுகிறோம். எட்டு வருஷத்தில் அவன் என்னிடம் பேசியது ஒரு தபால் அட்டையில் அடங்கிவிடும். அவனுக்கு அன்று மத்தியானத்திலிருந்து மூன்று நாள் லீவு, வீடு மாற்றுகிறான். கிளம்பப் போனவனை நிறுத்தி, நான் நிற்கிறேன், நீ பொத்தானை அழுத்து என்றேன். மற்றதெல்லாம் என் வேலை என்றும் சொன்னேன், ஏனென்றால் என் படத்தில் இன்னொருவர் கை படுவது எனக்குப் பிடிக்காது. பிலிமில் வலது எது, இடது எது என்று டாக்டர் குழம்பிவிடக் கூடாது என்பதற்காக, பிலிம் வைத்த பிளேட்டின் ஓரத்தில் ஈயத்தால் ஆன ஒரு சின்ன எழுத்தை ஒட்டுவோம். அது எந்தப் பக்கம் விழுகிறதோ அது வலது. அதைப் பிளேட்டைப் பார்த்து நின்று என் கையாலேயே ஒட்டினேன், முப்பத்தோரு வருஷத்தில் ஒரு நாளும் தவறாத கை. பிறகு சட்டையைக் கழற்றிவிட்டு நின்று, கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அமைதியைப் பார்த்துக் கண்ணைக் காட்டி, மூச்சை இழுத்துப் பிடித்தேன். அவனும் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்த மாதிரி இருந்தது. அழுத்துடா என்று தலையை ஆட்டினேன், அழுத்தினான், பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

பிலிமை விளக்குப் பெட்டியில் மாட்டினேன். அக்கா, இனிமேல் எழுதப்போவதை நான் சிரிப்புக்கு எழுதவில்லை. ஊரார் நெஞ்சைப் பார்க்கும்போது எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை, படம் தெளிவாக வந்திருக்கிறதா என்று மட்டும்தான் பார்ப்பேன். இதைப் பார்த்ததும் என் கை அப்படியே நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் கறுப்பாக நுரையீரல், நடுவில் வெள்ளையாக, கூடத்தில் ஓரமாக உட்கார்ந்து தன் பாட்டுக்கு வேலை பார்க்கிற ஆளைப் போல, கொஞ்சம் சாய்ந்துகொண்டு என் இதயம். நான் கேட்டுக்கொள்ளாமலே ஐம்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்திருக்கிறது. நான் தூங்கியபோது பார்த்திருக்கிறது. அம்மா போன அன்றைக்கு நான் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் மரம் மாதிரி நின்றபோது, எனக்காக அது உள்ளே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. நீ எட்டு வயதில் சொன்ன அந்த ஆளை நான் ஐம்பத்தெட்டில்தான் முகத்துக்கு முகம் பார்க்கிறேன். பிரமித்துப் போய் நின்றேன். வெளியே காத்திருந்தவர்கள் கதவைத் தட்டினார்கள், அவர்கள் தட்டுகிறார்களா, இது தட்டுகிறதா என்று தெரியவில்லை.

அப்புறம்தான் கவனித்தேன். அது உட்கார்ந்திருந்தது வலது பக்கத்தில்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். ஈய எழுத்து எந்தப் பக்கமோ இதயமும் அந்தப் பக்கம். எங்கள் டாக்டர் அம்மாவிடம் ஓடினேன். அவர் ஒரு கையில் சாப்பாட்டு டப்பாவோடு பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "அட, இதயம், இரைப்பை எல்லாமே பக்கம் மாறி இருக்கே. அப்படியே கண்ணாடில பாக்குற மாதிரி. பத்தாயிரத்துல ஒருத்தருக்கு இப்படி இருக்கும், தெரியாமலே நல்லா வாழ்ந்துட்டுப் போயிடுவாங்க. கொஞ்சம் பெரிசாவும் தெரியுது. எதுக்கும் இன்னொரு படம் எடுத்துடுங்க" என்றார். கடைசியில் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பத்தாயிரத்தில் ஒருத்தன், அதுவும் பெரிய இதயம். இத்தனை நாள் கறிகாய் வாங்கிக்கொண்டும், தண்ணீர்க் குழாயைச் சரிபார்த்துக்கொண்டும் இந்த வீட்டில் இருந்தவன் இப்படிப்பட்ட ஆள் என்று யாருக்குத் தெரியும்?

நர்ஸிடம் ஸ்டெதாஸ்கோப் இரவல் வாங்கி வலது பக்கம் வைத்துக் கேட்டேன். ரொம்ப மெல்லமாக, பக்கத்து வீட்டு மாடியில் யாரோ செருப்பில்லாமல் நடப்பது போலக் கேட்டது. இவ்வளவு காலம் யாரும் கண்டுகொள்ளாததால் கூச்சப்படுகிறது என்று நினைத்துக்கொண்டேன். இடது பக்கம் வைத்தால் தடதடவென்று கேட்டது. அதை எதிரொலி என்று முடிவு செய்தேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம், "இதயம் வலது பக்கம் இருக்கு" என்றேன்.

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

அவள் துவைத்த போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை. "முப்பது வருஷமா இந்தப் பக்கம்தான் தலை வச்சுப் படுக்கிறேன்" என்று என் இடது பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள். "நல்லாத்தானே கேக்குது."

"அது எதிரொலி."

"அப்ப எதிரொலியோடதான் முப்பது வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன். சரி, அந்த முனையைப் பிடிங்க."

அவளுக்கு இதன் மகிமை புரியவில்லை. எனக்குப் புரிந்தது. என் வாழ்க்கையில் கோணலாகப் போனதெல்லாம் ஏன் கோணலாகப் போயிற்று என்று ஒரே நிமிஷத்தில் விளங்கிவிட்டது. ஊருக்கெல்லாம் இடதாக இருப்பது எனக்கு வலது, நான் எப்படி எல்லோரோடும் ஒத்துப்போவேன்? மகள் கேட்ட மூன்றாவது கேள்விக்கு அன்றைக்கே பதில் எழுதிவிட்டேன்: 'அனைத்தையும் பக்கம் மாற்றிப் புதிதாக ஆரம்பிக்கிறேன்'. மறுநாள் காலையிலிருந்து கைக்கடிகாரம் வலது கைக்குப் போயிற்று. தலைவகிடு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போயிற்று, ஐம்பது வருஷம் ஒரு பக்கமாகப் படிந்த முடி போக மாட்டேன் என்று நட்டுக்கொண்டு நின்றது. இடது கையால் பல் தேய்த்தேன், பாதிப் பற்பசை மீசையில். நான்கு சட்டைகளைத் தையல் கடைக்கு எடுத்துப்போய், பையைப் பிரித்து வலது பக்கம் வைத்துத் தைக்கச் சொன்னேன். "எதுக்கு சார்?" என்றார் தையல்காரர். "இதயத்துக்கு மேல இருக்கணும்" என்றேன். "பேனா வைக்கத்தானே சார் பை?" என்றார் அவர். பேனாவுக்கு மேல் யோசிக்காதவரிடம் என்ன பேசுவது, சட்டையைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

வேலையிலும் இனி அன்பாக இருப்பது என்று தீர்மானித்தேன். முப்பத்தோரு வருஷம் அதட்டியது போதும். முதலில் வந்த பெரியவரிடம், "உங்களுக்கு எப்ப வசதியோ அப்ப மூச்சை இழுங்க ஐயா, அவசரமே இல்ல" என்றேன். அவர் திரும்பி என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, தம்பி, இப்படி என்னிடம் யாரும் பேசி ரொம்ப நாளாகிறது என்று சொல்லி, இரண்டு மருமகன்களைப் பற்றியும் ஆரம்பித்துவிட்டார். மூச்சை இழுப்பார், பிடிப்பார், பிடித்ததும் சின்ன மருமகன் ஞாபகம் வந்துவிடும், பேசிவிடுவார். ஐந்து பிலிம் வீணாயிற்று. வரிசை மாடிப்படி வரைக்கும் போய்விட்டது, கீழேயிருந்து ஒரு அம்மாள், "உள்ள என்ன படம் எடுக்கிறாங்களா, படம் வரையிறாங்களா?" என்று கேட்டது எனக்கே கேட்டது. ஆனால் அந்தப் பெரியவர் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்தது மன்னிப்பு. 'யாரும் இல்லை' என்று எழுதியதை அடித்துவிட்டுப் பெயர்களை எழுத ஆரம்பித்தேன், பக்கம் போதவில்லை. கேன்டீன்காரர் போடும் டீயைப் பன்னிரண்டு வருஷமாக ஆறிப்போச்சு என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவரிடம் போய் பிலிமைக் காட்டி, என் இதயம் பக்கம் மாறியிருந்த காரணத்தால் இப்படி நடந்துகொண்டேன், மன்னிக்க வேண்டும் என்றேன். அவர் பிலிமை மேலும் கீழும் பார்த்தார். "இதயம் எந்தப் பக்கம் இருந்தா என்ன சார். பேசிட்டே நின்னா இந்த டீயும்தான் ஆறும்" என்றார். ஒரே மடக்கில் குடித்தேன், சூடாகத்தான் இருந்தது, நாக்கு பொத்துப்போயிற்று. எப்போதுமே சூடாகத்தான் போட்டிருக்கிறார், நான்தான் வேலையை முடித்துவிட்டு மெதுவாகப் போய் எடுத்திருக்கிறேன்.

எங்கள் வீட்டுக்குக் கீழே ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் குடியிருக்கிறார். என் வீட்டுப் பேப்பரை அவர்தான் எடுக்கிறார் என்று நான்கு வருஷத்துக்கு முன்பு படிக்கட்டில் நின்று சத்தம் போட்டேன், அதிலிருந்து என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவர் வீட்டுக் கதவைத் தட்டி, சந்தேகப்பட்டது தப்பு என்று சொன்னேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்க இவ்வளவு தூரம் இறங்கி வந்ததால சொல்றேன் சார், எடுத்தது நான்தான்" என்றார். இப்போது யார் யாரைக் கோபித்துக்கொள்ள வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. பிறகு அவர் உள்ளே போய் அன்றைய பேப்பரை எடுத்துவந்து கொடுத்தார், அதுவும் என்னுடையதுதான்.

அக்கா, பார்த்தாயா, ஒரு இதயத்தின் இடம் தெரிந்ததும் ஒரு மனிதன் எப்படி மாறிவிட்டான் என்று. எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. கண்ணாடியைப் பார்த்தால் யாரோ புதிய ஆள், வகிடு நட்டுக்கொண்டு நிற்கிறான், நல்லவனாக இருக்கிறான்.

இனி உன் விஷயம். பட்டியலில் உன்னைக் கடைசியில் எழுதினேன், குறைவாக நினைத்து அல்ல, பேனா அங்கே போகவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்பு உன் தையல் கடையில் நீ வழுக்கி விழுந்து, வலது கையை ஊன்றி, வீங்கிய மணிக்கட்டோடு என்னிடம் வந்தாய். படம் எடுத்தேன். டாக்டர் அப்போது இல்லை, மத்தியானம் வருவார், அவர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், அதுதான் முறை. நான் காத்திருக்கவில்லை. பிலிமைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, வெறும் சுளுக்கு, எத்தனை படம் பாத்திருக்கேன் நான்" என்று அனுப்பிவிட்டேன். இரண்டு மாதம் கழித்து வேறு ஆஸ்பத்திரியில் எலும்பில் கீறல் இருந்தது, கோணலாகச் சேர்ந்துவிட்டது என்றார்கள். நீ நேரே என்னிடம் வந்தாய். "தப்பு நடந்துபோச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுடா, போதும்" என்றாய். வரிசையில் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க நான், "நீ கையை ஆட்டிட்ட. ஆட்டினா படம் எப்படித் தெளிவா வரும்?" என்றேன். "சரிடா, நான் ஆட்டிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாய். அதற்கப்புறம் எந்தப் பிறந்தநாளுக்கும் போன் வரவில்லை.

உனக்கு அந்தக் கையால் கத்தரிக்கோல் பிடிக்க முடியவில்லை, இடது கையால் துணி வெட்டப் பழகிக்கொண்டாய், ஒரு வருஷம் ஆயிற்று என்று உன் மருமகள் சொல்லித் தெரியும். இந்த மூன்று நாளாக இடது கையால் பல் தேய்த்துப் பார்க்கிறேன். பல் தேய்க்கவே முடியவில்லை. அதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் இப்போது எல்லாம் தெளிவாகிவிட்டதால் நீ மனசில் வைத்துக்கொள்ளத் தேவையில்லை. உள்ளே மொத்தமும் பக்கம் மாறிய ஒருவனுக்குச் சரி தப்பாகவும், தப்பு சரியாகவும் தெரிவது இயற்கை. அது என் குற்றமல்ல, என் அமைப்பின் குற்றம். நீயும் அன்றைக்கு லேசாகக் கையை ஆட்டியிருக்கலாம், அதை நான் இனிமேல் பெரிதுபடுத்தப்போவதில்லை. அந்த வகையில் நானும் உன்னை மன்னித்துவிட்டேன். இருவருக்கும் சரியாகப் போயிற்று. எனவே கேட்ட தகவலை மறக்காமல் எழுதவும்.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல். உன் ஆசி எனக்கு எப்போதும் வேண்டும், அது எந்தப் பக்கமிருந்து வந்தாலும் இந்தப் பக்கம் வந்து சேரும்.

இப்படிக்கு,
வலது பக்கத்து இதயத்தோடு,
பத்தாயிரத்தில் ஒருவனான உன் தம்பி

பின்குறிப்பு: அக்கா, மேலே உள்ளதை வெள்ளிக்கிழமை எழுதி ஒட்டி, தபாலில் போடப் பையில் வைத்திருந்தேன். இது சனிக்கிழமை மத்தியானம், உறையைப் பிரித்து எழுதுகிறேன். இன்று காலையில் அமைதி லீவு முடிந்து வந்தான். பிலிமை அவனிடம் காட்டி விஷயத்தைச் சொன்னேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு வாயைத் திறந்தான்.

"நீங்க திரும்பி நின்னுட்டீங்க சார்."

எனக்கு முதலில் புரியவில்லை. நெஞ்சுப் படத்துக்கு முகத்தைப் பிளேட்டின் பக்கம் வைத்து, இயந்திரத்துக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். எழுத்தை நான் அப்படி நிற்பதற்காகத்தான் ஒட்டினேன். ஒட்டிவிட்டு, அவன் ஒழுங்காக அழுத்துகிறானா என்று பார்க்கிறதற்காக அவன் பக்கம் திரும்பி நின்றேன். நான் திரும்பினேன், எழுத்து திரும்பவில்லை, என் வலது பக்கத்துக்கு ஒட்டியது இடது பக்கத்தில் விழுந்துவிட்டது.

"அப்பவே சொல்றதுக்கு என்னய்யா?" என்றேன்.

"சொல்ல வந்தேன் சார். அழுத்துடான்னு தலையை ஆட்டினீங்க."

மறுபடி எடுத்தான். இந்தத் தடவை எழுத்தையும் அவனே ஒட்டினான், நான் வாயை மூடிக்கொண்டு, ஆடாமல் நின்றேன். இதயம் இடது பக்கத்தில் இருக்கிறது அக்கா, எல்லோருக்கும் இருக்கிற இடத்தில், எல்லோருக்கும் இருக்கிற அளவில். பெரிதாகத் தெரிந்ததும் திரும்பி நின்றதால்தான். முதுகைக் காட்டி நின்றால் இருக்கிற அளவில் தெரியும், முகத்தைக் காட்டி நின்றால் கொஞ்சம் பெரிதாக விழும், இது எனக்கு முப்பத்தோரு வருஷமாகத் தெரிந்த விஷயம். மனைவிக்குப் போன் போட்டுச் சொன்னேன். "நான்தான் அன்னிக்கே சொன்னேனே" என்றாள்.

இடைவேளையில் வீட்டுக்குப் போய் பீரோ மேலிருந்து உன் பிலிமை எடுத்தேன். ஆமாம், என்னிடம்தான் இருக்கிறது. ஒன்பது வருஷமாக எடுத்து வைத்திருக்கிறேன், ஒரு தடவையும் உறையைப் பிரித்ததில்லை. இன்றைக்குப் பிரித்து ஜன்னலில் வைத்துப் பார்த்தேன். கை ஆடியிருந்தால் எலும்பின் ஓரம் இரட்டையாக, மங்கலாகத் தெரியும். உன் எலும்பு ஒவ்வொன்றும் பென்சிலால் வரைந்த மாதிரி இருக்கிறது. அவ்வளவு வீக்கத்தோடு, அவ்வளவு வலியோடு, நான் ஆடாதே என்று சொன்ன ஒரே வார்த்தைக்காக நீ அப்படியே வைத்திருந்திருக்கிறாய். கட்டைவிரல் பக்கம் தலைமுடி மாதிரி ஒரு கோடு. அது அன்றைக்கும் அங்கேதான் இருந்தது. என் இதயத்தைப் பார்த்து வாய்பிளந்தேன் என்று மேலே எழுதினேன், அதெல்லாம் ஒன்றுமில்லை. உன் கையைப் பார்த்து என்னால் ஜன்னலை விட்டு நகர முடியவில்லை.

நீ ஆட்டவில்லை அக்கா. தப்பு என்னுடையது. இதற்கு என் அமைப்பில் ஒரு காரணமும் இல்லை, எல்லாம் சரியான இடத்தில்தான் இருந்திருக்கிறது.

மேலே எழுதியதைக் கிழித்துவிடலாம் என்று பார்த்தேன், கிழிக்கவில்லை. அதுவும் நான் நின்ற ஒரு படம்தான், நீயே பார்த்துக்கொள். காதை எந்தப் பக்கம் வைத்தாய் என்று இனி நீ எழுத வேண்டாம். நாளை ஞாயிற்றுக்கிழமை, தபாலை நம்பாமல் இதை நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். கதவைத் திறக்கும்போது உனக்கு என் முகத்தைக் காட்டித்தான் நிற்பேன், இதயம் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தால் ஏமாந்துவிடாதே, அது நிற்கிற விதத்தால் வருவது. வகிடு நட்டுக்கொண்டிருக்கும், சட்டைப் பை தப்பான பக்கத்தில் இருக்கும், சிரித்துவிடு. சிரித்து முடித்ததும், இன்னிக்கும் ஓடுதாடா என்று ஒரு தடவை கேள். வேலைக்கு நேரமாச்சு என்று சொல்ல மாட்டேன்.